சத்தம் மட்டும் நின்றது

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காஜா பேராங் ஊர்ப் பட்டறையில் நான் லாரி மெக்கானிக். ஒருநாள் ராணுவ லாரி வந்தது. சயாம் ரயில்பாதை போட நம் ஆட்களைக் கட்டாயமாக அள்ளிப்போகிற லாரி; போனவர்கள் திரும்புவதில்லை. கியர் போட்டாலே அடியில் ‘டங்’கென்று இடித்தது. படுத்துப் பார்த்தேன். கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூட்டு தேய்ந்திருந்தது.

“சத்தம் வரக்கூடாதாம்ணே. வந்தா தலை இருக்காதாம்,” என்றான் கூட வந்த ஜப்பான் அதிகாரியின் மொழிபெயர்ப்பாளன்.

“வராதுன்னு சொல்லு.”

தேய்ந்ததைத் தொடவேயில்லை. ரப்பரைத் திணித்துக் கிரீஸை அப்பினேன்.

ஆட்களை ஏற்றிப் போகையில் ஆயர் குரோ பக்கம் தண்டு முறிந்து லாரி நின்றது. ஆட்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். அதிகாரி கொதித்துப்போய் வந்தான்.

“சத்தம் வந்துச்சான்னு கேளுப்பா,” என்றேன்.

மொழிபெயர்ப்பாளன் தயங்கிக் கேட்டான். என் இடது காதில் அறை விழுந்தது.

அந்தக் காது அன்றோடு போயிற்று. மற்றதை வைத்துத்தான் இன்றும் வண்டிச் சத்தம் பிடிக்கிறேன். அதுவும் போகுமென்றாலும் அதே ரப்பரைத்தான் திணிப்பேன்.