டோப்ரியின் மூக்கும் அல்வாக் கயிறும்

டோப்ரிக்குத் தன் மூக்கின்மீது அபார நம்பிக்கை. பல்கேரியாவின் அந்தச் சிற்றூரில் தண்ணீர் பம்பு நிலையத்தில் வேலை. மோட்டார் சூடேறுவதை மூக்காலேயே கண்டுபிடிப்பார். தவக்காலம் நெருங்கினால் அதே மூக்கு அக்கம்பக்கத்து அடுப்புகளையும் மேற்பார்வையிடும்.

ஒரு வருடம், இறைச்சியை விட்டுப் பாலாடைக்கட்டியும் முட்டையும் மட்டும் தின்னும் வாரத்தில், வேலிக்கு அப்பால் வெலிகோ வீட்டில் தொத்திறைச்சி பொரியும் வாசனை வந்தது. சிறுவயதுக் கூட்டாளி என்றும் பாராமல், தேவாலய வாசலில் நாலுபேர் காதுபட அதைச் சொல்லிவிட்டார் டோப்ரி.

அந்த வாரக் கடைசியில் மன்னிப்பு ஞாயிறு. இளையவர்கள் மூத்தவர்களைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பார்கள். அதன் பிறகுதான் நோன்பு. டோப்ரி மூத்தவர். இருந்தும் அவரே கிளம்பினார்.

"பாத்தியா ரத்கா, பெரியவன் நானே போறேன். இந்த ஊர்ல எவன் போவான்?"

மனைவி மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "பாத்துப் போ. அவ்வளவு உசரத்துலேர்ந்து விழுந்தா எலும்பு மிஞ்சாது."

வெலிகோ வாயிற்கதவைப் பாதிதான் திறந்தார்.

"என்னை மன்னிச்சிடு வெலிகோ."

"எதுக்கு?"

"எதுக்குன்னா… பொதுவாத்தான். முறை தவறினவன் நீ. ஆனாலும் நான் வந்திருக்கேன் பாரு."

"ஆமாடா, தின்னேன். அரை முழம் தின்னேன். நீ ஒரு வாரமா என்னையே தின்னுட்டு இருக்கியே, அது எந்த நோன்புல சேத்தி?"

கதவு சாத்திக்கொண்டது.

சாயங்காலம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டோப்ரி வீட்டில் கூடிவிட்டார்கள். கம்பின் நுனியில் கயிறு, கயிற்றில் அல்வாத் துண்டு. வீட்டின் மூத்தவர் ஆட்டுவார். மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கவ்வ வேண்டும். அப்பா காலமான நாள் முதல் கம்பு டோப்ரி கையில்தான். கவ்வுவதில் மன்னன் வெலிகோ, மிச்சமிருந்த நாலு பல்லோடு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் அவருக்கு இந்தப் பந்தியை விட்டால் வேறு பந்தி இல்லை.

டோப்ரி முடிச்சைப் போட்டார். வட்டத்தைப் பார்த்தார், வெலிகோ இல்லை. கம்போடு அப்படியே வெளியே நடந்தார். அல்வா ஆடிக்கொண்டே உடன் போனது.

"வெலிகோ, கதவத் தொறக்க வேணாம், கேளு. அன்னிக்கு அந்த வாசனையில எனக்கு எச்சி ஊறிச்சு. எனக்கும் திங்கணும்போல இருந்துச்சு. அந்தக் கடுப்புலதான் சர்ச் வாசல்ல உன் மானத்த வாங்கினேன். அதுக்கு மன்னி."

கதவுக்குப் பின்னால் காலடி வந்து நின்றது. பிறகு, "ஊறிச்சா?"

"வழிஞ்சுது."

கதவு திறந்தது. வெலிகோ கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவர் மன்னிக்கட்டும். அந்தக் கம்ப இப்படிக் குடு."

டோப்ரி கொடுத்துவிட்டார். அன்று முதல்முறையாகப் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே, கையைப் பின்னால் கட்டி, வாயைப் பிளந்து நின்றார். அல்வா மீசையில் இடித்தது. மூக்கில் இடித்தது.

"ஒழுங்கா ஆட்டுடா."

"வாய இன்னும் தொற. சர்ச் வாசல்ல நல்லாத் தொறந்துச்சே."

ரத்காவுக்குச் சிரிப்பில் நிற்க முடியவில்லை, நாற்காலியைத் தேடினாள்.

கம்பை டோப்ரி திரும்ப வாங்கவேயில்லை. இறக்கும் வரை வருடாவருடம் வட்டத்திலேயே நின்றார். ஒருமுறைகூட அல்வா அவர் வாயில் சிக்கவில்லை.

இந்த வருடமும் வெலிகோதான் ஆட்டினார். சுற்றி வந்த கயிற்றை, டோப்ரி வழக்கமாக நின்ற இடத்தில், அந்த மூக்கின் உயரத்தில், சற்று நிறுத்தினார். பிறகு வேகமாகச் சுழற்றினார். குழந்தைகள் கத்திக்கொண்டு வாயைத் திறந்தார்கள்.