தலைப்பைப் படித்தவர்கள்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது, என் நாவலின் அட்டையில் இருந்த குங்குமம்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் ஓர் அம்மா நடத்தும் பூஜை சாமான் கடை. பௌர்ணமிக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கற்பூரத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவே என் புத்தகம், பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மட்டன் பிரியாணிக் கடை நடத்தும் இரண்டு கூட்டாளிகளின் சண்டைதான் அந்த நாவல். நான் வைத்த பெயர் ‘அரை பிளேட்’.

“நம்ம ஊருக்குன்னு ஒரு மவுசு இருக்கு சார். அதுல பிரியாணியக் கொட்டாதீங்க” என்றார் பதிப்பாளர்.

கதையில் ஓரிடத்தில், கிரிவலப் பாதையின் எட்டாவது லிங்கமான ஈசான்ய லிங்கத்தருகே ஒருவனுடைய ஸ்கூட்டர் பஞ்சராகிறது. அந்தப் பஞ்சரிலிருந்து ‘எட்டாவது லிங்கத்தின் நிழல்’ என்ற புதுத் தலைப்பு பிறந்தது. அட்டையில் மலை வந்தது. ஸ்கூட்டர் வரவில்லை.

செய்தியில் இல்லாததைத் தலைப்பில் வைக்கக் கூடாது என்பது நான் வேலை பார்த்த பத்திரிகையில் சட்டம். நாவலுக்கு அது பொருந்தாதாம்.

புத்தகம் விற்றது. செங்கம் ரோட்டு கஃபேக்களில் தமிழ் தெரியாதவர்கள்கூட அதை மேசையில் வைத்துவிட்டுத் தியானத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். படித்தேன் என்று சொன்னவர் மட்டும் யாருமில்லை. ஒரே ஒருவர் போதும் என்ற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

அந்த ஒருவர் கடைக்கார அம்மா. மகளின் பரீட்சைக்காக ஒரு மண்டலம் பாராயணம். குளித்துவிட்டு, கறி தொடாமல், தினம் ஓர் அத்தியாயம்.

“பின்னட்டைல போட்டோ பாத்தேன், நீங்கதான சார்? நல்லவேள வந்தீங்க. பதினோராவத லேசா பொரட்னேன், ஆடு வெட்றாங்களே, விரதத்துல படிக்கலாமா?”

நாவலில் உருப்படியான அத்தியாயம் அதுதான். கூட்டாளிகள் பிரிவது அங்கேதான்.

“அம்மா, இது பிரியாணிக் கடைக் கதைங்க. சாமி புத்தகம் இல்ல.”

“அது தெரியுது. பேரு சும்மாவா வைப்பாங்க? அந்த ரெண்டு பேரும் ஜீவாத்மா, பரமாத்மா. ஆடுன்றது நம்ம ஆணவம். அதுகூட தெரியாமயா எழுதனீங்க?”

கற்பூரம் வாங்க வந்த பெண்மணி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அப்ப ஆணவத்த வெட்றதப் படிக்கலாமே?” என்றேன்.

“வெட்றது சரி சார். அப்புறம் மசாலா போட்டு தம் கட்றீங்களே! நாக்குல தண்ணி ஊறுது. விரதம் இன்னாத்துக்கு ஆவும்?”

என் எழுத்துக்கு அதுவரை கிடைத்த ஒரே விமர்சனம். அதைக் கேட்ட மயக்கத்தில் கெஞ்சவே செய்தேன்: “அத மட்டும் விட்டுடாதீங்கம்மா.”

“விரதம் முடியட்டும் சார். மொத வேலையா அதப் படிச்சிட்றேன்.”

விரதம் முடிந்தது. மகள் தேறினாள். புத்தகத்தை அந்த அம்மா மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.