டீசல் உறைந்த சனிக்கிழமை

இப்போது நாங்கள் இருக்கும், குளிர் அதிகம் தெரியாத கேட்டி என்ற ஊரில் டீசல் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். எங்கள் தெருவிலேயே மூன்று நிற்கின்றன. ஆனால் ஒன்றின் முகத்திலிருந்தும் வயர் தொங்குவதில்லை. நியூ ஜெர்சியில் எங்களிடம் இருந்த வண்டியில், முன்பக்கக் கிரில்லின் இடுக்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் நுனியில் பிளக்கோடு வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். டிசம்பர் பிறந்துவிட்டால் படுக்கப் போகுமுன் அதை வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் செருகிவிட வேண்டும். எஞ்சினுக்குள் உள்ள சின்ன ஹீட்டர் விடியும்வரை அதைக் கதகதப்பாக வைத்திருக்கும். செருக மறந்தால் மறுநாள் காலை எஞ்சின் லேசில் எழுந்திருக்காது. ஊரிலிருந்து வந்திருந்த என் மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், லாரிக்குமா சார்ஜ் போடுறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த வண்டி விஷயத்தில் எனக்கு அப்போது சிரிப்பு வராது.

அதற்குக் காரணம் உண்டு. 2001-இல் நான் வேலை பார்த்த சாஃப்ட்வேர் கம்பெனியை மூடிவிட்டார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்திருந்ததால் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வேலையும் இல்லை. எட்டு மாதம் கண்ட இடத்துக்கெல்லாம் அப்ளை செய்து ஓய்ந்த பிறகு, எங்கள் தெருவில் புல் வெட்ட வரும் வயதான அமெரிக்கர் ஒருவர், தான் ஓய்வு பெறப்போவதாகவும் தொழிலை யாராவது எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுவதாகவும் பேச்சுவாக்கில் சொன்னார். நான் எடுத்துக்கொண்டேன். கோடையில் புல், குளிர்காலத்தில் பனி. பிக்கப்பின் முன்னால் எட்டடி அகல இரும்புத் தகடு ஒன்றை மாட்டி, கார் நிறுத்தும் இடங்களில் விழுந்த பனியைத் தள்ளி ஒதுக்குவதுதான் குளிர்கால வேலை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனால், பெருநாள் விருந்துக்குப் போனால், "சார் இப்ப என்ன பண்றாரு?" என்று நான் இல்லாதபோது கேட்டுக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் குறையை எல்லாம் நான் வண்டியிடம் தீர்த்துக்கொண்டேன். எண்ணெய் மாற்றுவது, கழுவுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் நானே. வேறு யாரையும் தொடவிட மாட்டேன். என் மனைவியையும்தான்.

என் மனைவி திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்து, கல்யாணமாகி நேரே நியூ ஜெர்சிக்கு வந்தவள். வந்த இரண்டாம் வருடம் கார் ஓட்டப் பழகினாள். மளிகைக்கடை, மகளின் பள்ளிக்கூடம், நூலகம், இவ்வளவுதான் அவள் ஓட்டிய தூரம். எந்தப் பொருளை வாங்கினாலும் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் கடைசி வரி வரை படிப்பாள். 2003 நவம்பரில் நான் கொட்டகையில் வைத்திருந்த பீப்பாயிலிருந்து வண்டிக்கு டீசல் நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, இது வெயில் காலத்துல வாங்குன டீசல்தானே? குளிருக்கு இதுல ஏதோ கலக்கணும்னு கடையில ஒரு பாட்டில்ல போட்டிருந்துச்சு."

"அதான் ஹீட்டர் இருக்கே. உனக்கு என்ன தெரியும் டீசலைப் பத்தி?" என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஜனவரி முதல் வாரத்தில் வண்டியிலிருந்து இறங்கும்போது படியில் படிந்திருந்த ஐஸில் கால் வழுக்கி, வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. குளிர்காலம் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. எங்களிடம் இருந்த இடங்களில் முக்கியமானது பிரின்ஸ்டன் ஜங்ஷன் ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி இருந்த ஒரு டயாலிசிஸ் சென்டர். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரத்துக்கு மூன்று முறை அங்கே வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒரு தடவை தவறினாலே உடம்பில் நீர் ஏறி மூச்சுத் திணறும். அதனால் அந்த இடத்தைச் சுத்தம் செய்யத் தாமதமாகவே கூடாது. வேறொரு காண்ட்ராக்டரிடம் பேசிப் பார்த்தேன். செய்கிறேன், ஆனால் இனிமேல் அந்த இடம் எனக்குத்தான் என்றார்.

"நான் ஓட்டறேன்" என்றாள் என் மனைவி.

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். கனமான வண்டி, பழக்கமில்லை, ஆபத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. புல் வெட்டப் போனவன் என்று பேசினவர்கள், பெண்டாட்டியை லாரி ஓட்ட விட்டவன் என்றும் பேசுவார்களே என்பதுதான் அது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சரி, ஞாயித்துக்கிழமை சொல்லிக்குடுங்க" என்றாள்.

இந்தியக் கடைகள் இருக்கும் ஒரு ஸ்ட்ரிப் மாலின் பின்புறத்தில், கடை திறக்குமுன், முந்தின வாரத்துப் பழைய பனியில் பழகினாள். தலையில் முக்காடு, அதன் மேல் மகளின் ஊதாக் கம்பளித் தொப்பி. சீட்டை முழுக்க முன்னால் இழுத்துக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினாள். டீசல் வண்டியில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் பண்ணிவிடக்கூடாது. 'பொறு' என்று ஒரு விளக்கு எரியும், அது அணையும்வரை காத்திருக்க வேண்டும். அவளுக்கு அது சுலபமாக வந்தது. எனக்குத்தான் பொறுமை இல்லை. தகட்டை இறக்கு, தூக்கு, இடது பக்கம் திருப்பு, ரிவர்ஸ் போகும்போது தூக்கு என்று பக்கத்திலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். நடுவில் வண்டியை நிறுத்திவிட்டாள்.

"நீங்க கத்தினா எனக்குக் கை ஓட மாட்டேங்குது. ஒண்ணு நீங்க இறங்குங்க, இல்ல நான் இறங்கறேன்."

மாவுக்கட்டோடு நான் எங்கே இறங்குவது? வாயை மூடிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் ஓரளவு நேர்கோட்டில் தள்ள ஆரம்பித்தாள். அடுத்த வாரம் விழுந்த சின்னப் பனியில் அந்த சென்டரை அவளே முடித்துக்கொடுத்தாள். என்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது, அவ்வளவுதான். தொழுகைக்கு வந்த நண்பர்கள், "கால் இப்படி ஆயிடுச்சே, வேலையெல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?" என்று கேட்டபோது, "ஆள் போட்டிருக்கேன்" என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து அவள் பரிமாறிய சோற்றைச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்த பனி வெள்ளிக்கிழமை முழுக்கக் கொட்டியது. ஊரே அடங்கிவிட்டது. டயாலிசிஸ் சென்டரையும் மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வரவேண்டியவர்களை எல்லாம் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருப்பதாக மேனேஜர் போன் செய்தார். அவர்கள் கடைசியாக வந்தது புதன்கிழமை. "ஒன்பதுக்குள் இடம் தயாராக இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்று என் மனைவிதான் சொன்னாள்.

சனிக்கிழமை விடிந்தபோது பனி நின்றிருந்தது. வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆனால் அதுவரை நான் பார்த்திராத குளிர். மூக்குக்குள் இருக்கும் ஈரம்கூட உறைந்தது. ஃபஜர் தொழுதுவிட்டு அவள் கிளம்பினாள். எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் ஊன்றுகோலோடு நின்றிருந்த எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பார்த்தாயா என் ஹீட்டரை என்று. ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். ஒரு இருமல், ஒரு குலுக்கல், நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். சுற்றியது, பிடிக்கவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஹீட்டர் சூடாக்குவது எஞ்சினை மட்டும்தான். தொட்டியில் இருக்கும் டீசலை அல்ல. வெயில் காலத்து டீசல், நான் பிடிவாதமாக ஊற்றிய டீசல், உள்ளே உறைந்துபோயிருந்தது. அவள் உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"அந்த காண்ட்ராக்டருக்கு போன் பண்ணிடறேன். அவனே எடுத்துக்கட்டும்" என்றேன்.

"மணி ஆறே முக்கால்தானே ஆவுது. ஃபில்டர் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். வண்டியைச் சரிசெய்ய அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஃபில்டரைக் கழற்றிக்கொண்டு வந்து சமையலறை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக, கூழாக அடைத்துக்கொண்டிருந்தது. "பாருங்க, நம்ம தேங்காயெண்ணெய் உறையற மாதிரியே இருக்கு. மெழுகு பிரிஞ்சு நிக்குது" என்றாள். அவள் குரலில் பயம் இல்லை. ஏதோ சோதனைக்கூடத்தில் நிற்பவளைப்போல ஆர்வம்தான் இருந்தது. பிறகு கராஜுக்குப் போய், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்தாள். உறைந்த டீசலை இளக்குவதற்கென்றே விற்கும் திரவம். நான் உனக்கு என்ன தெரியும் என்று கேட்ட அடுத்த வாரமே வாங்கி வைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

நான் மாற்றுவதற்கென்று வாங்கி வைத்திருந்த புது ஃபில்டரில் பாதி அதை ஊற்றி மாட்டினாள். மீதியைத் தொட்டியில் ஊற்றினாள். எங்கள் பத்து வயது மகள் வெந்நீரில் துண்டுகளை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு ஓட, இவள் அவற்றை ஃபில்டரின் மீதும் குழாய்களின் மீதும் சுற்றினாள். ஆற ஆற மாற்றினாள். அரைமணி நேரம். நடுவில் மேனேஜருக்கு போன் போட்டு, "ஐ ஆம் கமிங்" என்று மட்டும் சொன்னாள். பிறகு சாவியைப் பாதிவரை திருப்பி, பம்ப் ஓடும் சத்தத்தைக் கேட்டு, மறுபடி அணைத்து, ஐந்தாறு தடவை அப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணினாள். வெள்ளைப் புகை வீட்டையே மறைத்தது. எஞ்சின் திக்கியது, தடுமாறியது, பிறகு தாளம் பிடித்து ஓட ஆரம்பித்தது. மகள் பனியில் குதித்துக்கொண்டு, "வாப்பா, ஷி டிட் இட்!" என்று கத்தினாள். என் மனைவி உடனே கிளம்பிவிடவில்லை. பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகுதான் என்னைப் பார்த்து, "வர்றீங்களா?" என்றாள்.

மூவரும் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. நோயாளிகளை ஏற்றிவந்த வேன்கள் இரண்டு ஏற்கெனவே ரோட்டோரம் எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தன. நானாக இருந்தால் பெரிய வெட்டவெளியிலிருந்து ஆரம்பித்திருப்பேன். வேகமாகத் தள்ளலாம், பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும். அவள் நேரே சக்கர நாற்காலி ஏறும் வாசலுக்குப் போனாள். தகட்டை வாசலருகே இறக்கி, ரிவர்ஸில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வாசலிலிருந்து ரோடு வரை ஒரே ஒரு பாதையைத் திறந்தாள். வேன்களை உள்ளே விடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்ற இடத்துக்குப் போனாள். இரண்டு வருடமாக அந்த வேலையைச் செய்த எனக்கு அது தோன்றியதே இல்லை. வண்டிகளுக்கு இடம் செய்வதைப் பற்றித்தான் நான் எப்போதும் யோசித்திருந்தேன்.

முதல் வேனிலிருந்து சக்கர நாற்காலியில் இறங்கினவர் ஒரு தமிழர். யாழ்ப்பாணத்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பின்னால் தெரிந்தது. முகமும் கைகளும் வீங்கியிருந்தன. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சு வாங்கியது. நான் ஜன்னலை இறக்கி சலாம் சொல்வதுபோல் கையை உயர்த்தினேன். அவர் நாற்காலியை என் பக்கம் நிறுத்தச் சொன்னார். என் மனைவி அப்போது இறங்கிப்போய், வாசற்படியில் ஒட்டியிருந்த பனியை மண்வெட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தமிழே நீங்கள்? புதன்கிழமைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வாறன். ராத்திரி படுக்க ஏலாமல் கதிரையிலதான் இருந்தனான்" என்றார். பிறகு அவள் பக்கம் பார்த்து, "ஆர் அந்தப் பிள்ளை? உங்கட ஆளோ?" என்று கேட்டார்.

ஆள் என்ற அந்தச் சொல் என்னைச் சுட்டது.

"என் மனைவி சார்" என்றேன். அவர் கேட்காததையும் சொன்னேன். "காலையில டீசல் உறைஞ்சு வண்டி நின்னுடுச்சு. அவங்கதான் சரி பண்ணி ஓட்டிட்டு வந்தாங்க. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

அவர் மறுபடி அவள் பக்கம் திரும்பினார். "கெட்டிக்காரி" என்றார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பாதையில் சக்கரம் எங்கும் சிக்கவில்லை. பதினொரு மணிக்குள் எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, யாரும் கேட்காமலே, நான் போட்டிருந்த ஆள் யார் என்பதைத் தொழுகைக்கு வந்த நண்பர்களிடம் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் டீசல் உறைந்த கதையை முழுக்கச் சொல்லச் சொன்னார்கள். முழுக்கச் சொன்னேன், என் பிடிவாதத்தையும் சேர்த்து.

மார்ச்சில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கோடையெல்லாம் புல் வெட்டினேன். அடுத்த நவம்பரில் அந்த மேனேஜரிடமிருந்து போன் வந்தது. புதுக் குளிர்காலத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். என் குரல் அவருக்குப் பிடிபடவில்லைபோல. "டிரைவரா பேசுவது?" என்று கேட்டார்.

"இல்லை, டிரைவரோட ஹஸ்பண்ட். ஒரு நிமிடம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு, மாடியைப் பார்த்து அவளைக் கூப்பிட்டேன்.