அம்மனுக்கு அரைத்த மிளகாய்

மகன் கூப்பிட்டான் என்று நானும் மனைவியும் சிங்கப்பூர் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தோம். எங்களுக்கும் பங்காளித் தம்பிக்கும் கிணறு ஒன்றுதான். ஆளுக்கு ஒரு நாள் முறை. எங்கள் முறையில் வாழைக்குத் தண்ணீர் கட்டச் சொல்லி அவனிடம்தான் தோட்டத்தை விட்டுப் போனோம்.

திரும்பி வந்ததும் பெட்டியைக்கூட இறக்காமல் தோட்டத்துக்குள் போனேன். ஆவணி மழையும் ஏமாற்றியிருந்தது. குலை தள்ளிய வாழையெல்லாம் காய்ந்து மடிந்து கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவனுடைய மஞ்சள் காட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

"கரண்டே வர்லீங்கண்ணா" என்றான்.

"உன்ற மஞ்சளுக்கு மட்டும் எந்தூருக் கரண்டு தம்பி வந்துச்சு?"

சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை, நியாயம் கேட்கிறவர்கள் போகும் அம்மன் கோயிலுக்குப் போய், அங்குள்ள கல்லில் மிளகாய் அரைத்து அம்மன் மேல் பூசினேன். கை எரிந்தது, மனசு ஆறியது.

தை மாதம் அவன் மஞ்சளை வெட்டினான். கிழங்கெல்லாம் அழுகல். எங்கள் தண்ணீரைக் குடித்த கிழங்கு.

"கேட்டது கெடைச்சிருச்சுங்க. எண்ணெய்க் காப்புச் சாத்தி அம்மனைக் குளிர வெச்சுப்போட்டு வந்தரலாமுங்க. அவனும் புள்ளகுட்டிக்காரன்" என்றாள் மனைவி.

வேண்டுதல் பலித்தால் அதுதான் முறை. அம்மனை எரிச்சலோடு விட்டுவைப்பது தப்பென்று எனக்கும் தெரியும்; தினமும் விளக்கேற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் தண்ணீரைத் திருடினேன் என்று அவன் தன் வாயால் சொல்லட்டும். அதுவரை நான் எண்ணெய் வாங்கப் போவதில்லை.