கேப்டனின் சம்மதம்

முதலில் திரையில் தோன்றியது ஒரு பெயர். தூரத்து நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஆளில்லாத ஒரு கோளில் என் கப்பல் இறங்கியதும், அதன் மேல் ஆங்கில எழுத்தில் ‘வலியசாலை’ என்று வந்தது. திருவனந்தபுரத்தில் நான் வேலைக்குப் போகும் வழியில் தினமும் கடக்கிற, தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். விண்வெளியில் நாடு பிடிக்கும் அந்தக் கணினி விளையாட்டுக்கு ரசிகர்கள் தாங்களே எழுதிச் சேர்க்கும் மாற்றங்களை மோட் என்போம். நான் சேர்த்திருந்த மோடை எழுதியவரை இணையக் குழுவில் எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவரை அவரோடு ஆங்கிலத்தில்தான் பேசிவந்தேன். அன்று மலையாளத்தில், “திருவனந்தபுரமா?” என்று கேட்டேன். “வலியசாலைல தமிழ்ல கேட்டாலும் பதில் கிடைக்கும்” என்று வந்தது.

என் அப்பா கட்டட வேலைக்குத் தென்காசிப் பக்கமிருந்து வந்தவர். வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்ததெல்லாம் மலையாளத்தில், தமிழ் எழுத்தைப் பிற்பாடு நானாகக் கூட்டிப் படித்துக்கொண்டேன். இப்போது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை விளையாட உட்கார்ந்தால் அம்மா விடமாட்டாள்.

“ஆகாசத்துல இவ்வளவு எடம் புடிக்கியே, ஒழுகாத வீடு ஒண்ணு அதுல இருக்காலே?”

“இருக்கும்மா. வாடகைதான் ஜாஸ்தி.”

அசல் விளையாட்டில் பழைய கப்பலை உடைத்து இரும்பாக்கிவிட வேண்டும். கேப்டனின் மோடில் அது சரக்கு ஏற்றிக்கொண்டு, மெல்ல மெல்லக் கோள்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். சண்டையே போடாமல் ஜெயிக்கலாம். எங்கெங்கோ இருந்தவர்களுக்கு அது பிடித்துப்போனது. பிறகு விளையாட்டின் புதிய பதிப்பு வந்தது, மோட் இயங்காமல் நின்றது. கேப்டனிடமிருந்து பதிலே இல்லை. எழுதியவர் சம்மதிக்காமல் அடுத்தவர் மோடைத் திருத்தி ஏற்றக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். “ஒரே ஊர்தானே, போய்க் கேளேன்” என்று குழுவில் நச்சரித்தார்கள்.

கோயிலை ஒட்டிய தெரு, பச்சைக் கதவு என்று எப்போதோ பேச்சுவாக்கில் கேப்டன் சொல்லியிருந்தார். அந்தத் தெருக்களில் என் அப்பா ஓடு மாற்றப் போயிருக்கிறார், பின்வாசல் வழியாக. நான் முன்வாசலில் நின்று கூப்பிட்டேன். கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு ஒரு பெண் வந்தார், என் அக்கா வயது இருக்கும்.

“கேப்டன்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, மெல்லப் பேசு. அப்பா காதுல விழப்போறது.”

அதற்குள் உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது. “யாருடீ அது?”

“கப்பல் ரிப்பேர் பண்ண வந்திருக்கான்ப்பா.”

“நம்மாத்துல ஏதுடீ கப்பல்?”

அவர் அப்பா படுக்கையில் விழுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மோட் இருக்கும் பக்கத்தில், இனி வேறு யாராவது பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றேன். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆபீஸை விட்டாச்சு. பாட்டு கிளாஸை விட்டாச்சு. இதையும் விட்டுட்டேன்னு என் கையாலயே எழுதச் சொல்றியா?”

உள்ளே இருமல் கேட்டதும் கிண்ணத்தோடு போனார். அவர் திரும்பி வருவதற்குள் எனக்கு ஒன்று தோன்றியிருந்தது.

“எழுத வேண்டாம்க்கா. நான் சரிபண்ணி உங்களுக்கு அனுப்புறேன். நீங்களே ஏத்துங்க.”

“எப்போ கை ஒழியும்னு என்னால சொல்ல முடியாதேப்பா.”

“ஒழியும்போது பாருங்க, மதி.” போதும் என்பதற்கு மலையாளம்தான் வாயில் வந்தது.

இப்போதும் அப்படியேதான் நடக்கிறது. திருத்துவது நான், பார்த்து ஏற்றுவது அவர். சில சமயம் நான் எழுதியதில் பாதியை அழித்துவிட்டுத்தான் ஏற்றுவார். அழித்தது சரிதான் என்று விளையாடும்போது தெரியும். போன வாரம் இன்னொரு பதிப்பு வந்தது. வேலையை முடித்து அனுப்பிவிட்டேன். எப்போது கிடைக்கும், ஏன் இத்தனை தாமதம் என்று குழுவில் முணுமுணுப்பு. கேப்டன் பார்க்க வேண்டும் என்று மட்டும் பதில் போட்டேன். சற்றுமுன் அவரிடமிருந்து செய்தி வந்தது: ‘அப்பா சாப்பிட்டுண்டிருக்கார். ஆனதும் பாக்கறேன்.’

முகம் தெரியாத ஒரு பெரியவர் நிதானமாகச் சாப்பிட்டு முடிக்க, எந்தெந்த நாட்டிலோ ஆட்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது. நானும் அவசரப்படுத்தவில்லை.