பக்கத்துப் பட்டறை

சித்தப்பா எங்கள் பட்டறையை ஒட்டியே தன் பட்டறையைப் போட்டார். அப்பாவிடம் கற்ற அதே வேலை, லோரி ரேடியேட்டர் பழுது பார்ப்பது. பத்து வயதில் எனக்கு அது பச்சைத் துரோகம். அம்மா அவரோடு பேச்சை நிறுத்தினார். அப்பாவோ அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்ததே தான்தான் என்று வெட்கமில்லாமல் சொல்லித் திரிந்தார். ஒரு பட்டறை என்றால் டிரைவர் காத்துக் கிடக்கணும், இரண்டு இருந்தால் நம்பி வருவான் என்றார். ஏமாந்தவர் சொல்லும் சமாதானம் என்று நினைத்தேன்.

தெப்ரா வட்டாரத்தில் எங்கள் பட்டறை இருந்த அந்தச் சந்து முழுக்க லோரி வேலைதான். எதிரே டயர் கடை, அடுத்து ஸ்பிரிங் பட்டை மாற்றும் சீனர், கோடியில் பெயிண்ட் பட்டறை.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள், சாஆ என்ற தூரத்து ஊரிலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று தண்ணீர் ஒழுக வந்தது. அப்பாவுக்குக் கைநிறைய வேலை. டிரைவரைப் பக்கத்தில் தம்பியிடம் போகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சித்தப்பா கதவை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். வாசலில் நான்தான் இருந்தேன்.

"எப்ப தெறப்பாங்க, பாப்பா?"

"தெறக்க மாட்டாங்க அங்கிள். கடைய மூடிட்டுப் போயிட்டாங்க."

டிரைவர் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினார். வழியில் குளுவாங் ஊரைத் தாண்டுவதற்குள் எஞ்சின் சூடேறி இறுகி நின்றுவிட்டது.

சாயந்திரம் அந்த லோரியின் முதலாளி போன் செய்தார். அப்பா கையெல்லாம் கிரீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

"எல்லா வேலையும் ஒரே எடத்துல முடியும்னுதான் அவ்ளோ தூரத்துலேருந்து அனுப்புறேன். இனிமே என் லோரி ஒன்னுகூட உங்க சந்துக்குள்ள வராது."

சித்தப்பா கடையைத் திறக்க மாட்டார் என்று டிரைவரிடம் நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் பெருமையோடுதான். அப்பா அடிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்துச் சித்தப்பாவிடம் கூட்டிப்போய், நான் செய்ததைச் சொல்லவைத்தார். "விடுண்ணே, சின்னப் புள்ள லா," என்றார் அவர். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்பா கையை விடவில்லை.

டயர் கடையில் அதையே மறுபடி சொல்லவைத்தார். பிறகு ஸ்பிரிங் கடையில். சீனர் யாருடைய லோரி என்று மலாய் மொழியில் கேட்டார். அவரிடமும் வேலைக்கு வரும் லோரிகளின் முதலாளி பெயரை அப்பா சொன்னதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இவர்களுக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று அழுதுகொண்டே கேட்டேன். அப்பா என்னை இழுத்துக்கொண்டு பெயிண்ட் பட்டறையைப் பார்த்து நடந்தார்.