காய்ச்சல் விட்ட மறுநாள்

கொசுவுக்குப் புகை அடிக்கிற மெஷின் தெருமுனையில் உறுமத் தொடங்கினால், எங்கள் தெருவில் அடுத்துக் கேட்பது கதவு சாத்துகிற சத்தம்தான். ஒரு வீடு பாக்கி இருக்காது. ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் பழைய துணியைச் செருகி, தறியின் மேல் போர்வையை விரித்துவிட்டு, புகை போகிறவரை உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அந்தப் புகையில் எண்ணெய் இருக்கிறது. பட்டில் படிந்தால் கறை, ஜரிகையில் படிந்தால் கருப்பு. முகூர்த்தச் சேலையில் அப்படி ஒரு பொட்டு விழுந்தாலும் முதலாளி வாங்க மாட்டார். அதனால் மெஷின்காரர் ஆளில்லாத தெருவுக்கும் சாக்கடைக்கும் புகை காட்டிவிட்டுப் போய்விடுவார். கொசு வீட்டுக்குள் சௌக்கியமாக இருக்கும்.

பிள்ளையார்பாளையம் பக்கம் இந்த நெசவுத் தெருவில் நான் கிளினிக் வைத்து ரொம்ப வருஷம் ஆகிறது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாசலில் நின்று கதவைத் திறந்து வையுங்கள் என்று கத்துவேன், வீட்டுக்குள் புகுந்து தண்ணீர் டிரம்மைக் கவிழ்ப்பேன், திட்டும் வாங்குவேன். டெங்குக் கொசு பகலில் கடிப்பது. இருட்டும் ஈரமும் பார்த்து ஒளிந்துகொள்வது. தறிக்குழியைவிட வசதியான இடம் அதற்கு இந்த ஊரில் கிடையாது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை அந்தக் குழிக்குள் மனிதர்களின் வெறுங்கால்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ராத்திரியானால் எல்லோரும் ஒழுங்காகக் கொசுவலை கட்டிக்கொள்வார்கள். பகலில் கொசுவத்திச் சுருள் கொளுத்த மாட்டார்கள், புகைதான் ஆகாதே. கடிக்கிற நேரத்துக்கு ஒன்றுமில்லை, கடிக்காத நேரத்துக்கு வலை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

கிளினிக்குக்கு எதிர்ச்சாரியில் ஒரு புருஷன் பெண்டாட்டி. இருவரும் கோர்வைத் தறி நெய்கிறவர்கள். உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம் என்று வருகிற சேலைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அவர் உடலுக்கு, அந்த அம்மாள் பார்டருக்கு. ஒருவர் எழுந்தால் மற்றவர் கை சும்மா இருக்கும். அந்த அம்மாளுக்கு என்னைவிட வாய் நீளம், அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். முட்டி வலி என்று வருவாள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நட என்பேன்.

"நான் எழுந்தா அவரும் எழுந்துக்கணும் டாக்டரம்மா. அப்புறம் நீங்களா வந்து நெய்ஞ்சிக் குடுப்பீங்க?"

"குழிக்குள்ள கொசு இருக்குதும்மா. புகை அடிக்கிறப்ப சேலைய மட்டும் மூடிட்டுக் கதவத் திறந்து வையேன்."

"கொசு கடிச்சா சொறிஞ்சிக்கலாம். சேலைல கறை பட்டா இன்னா பண்றது?"

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. விட்டு விட்டுப் பெய்கிற மழைதான் கொசுவுக்கு நல்லது. வீட்டுக்கு வீடு காய்ச்சல். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் காய்ச்சல் முகாம் போட்டார்கள். போனால் நிலவேம்புக் குடிநீர் ஒரு டம்ளர், மாத்திரை கொஞ்சம், சீட்டில் 'காய்ச்சல்' என்று ஒரே சொல். பேப்பரில் மர்மக் காய்ச்சல் என்று போட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மர்மம்? என் கிளினிக்குக்கு வந்தவர்களின் ரத்தத்தை நானே பரிசோதனைக்கு அனுப்பி, டெங்கு என்று வந்த முடிவையும் கையில் வைத்திருந்தேன்.

முகாமில் உட்கார்ந்திருந்த சின்ன வயது டாக்டர் என்னிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தவள். போய்க் கேட்டேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "எழுத்துல ஒண்ணும் கிடையாது மேடம். வாயாலதான் சொல்றாங்க. அந்தப் பேர எழுதாதீங்க, நோயாளிங்ககிட்ட சொல்லாதீங்கன்னு. நான் புதுசு மேடம், எங்கயாவது தூக்கிப் போட்டுடுவாங்க." அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். சாதாரணக் காய்ச்சல் விட்டால் ஆள் தேறிவிட்டார் என்று அர்த்தம். நம் ஊரில் அன்றைக்குத்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, ரசம் சோறு போட்டு, வேலைக்கு அனுப்புவார்கள். டெங்குவில் சிலருக்குக் காய்ச்சல் விடுகிற நேரம்தான் கண்டம். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், கை கால் சில்லிட்டுப் போகும். அந்த ஒன்றிரண்டு நாள் பக்கத்தில் ஒருவர் கண்கொட்டாமல் பார்த்து, சரியான நேரத்தில் சரியான அளவு சலைன் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள். மலை மேலிருந்து கொண்டுவர வேண்டிய மருந்து எதுவும் இல்லை. ஆனால் காய்ச்சல் விட்டால் ஜாக்கிரதை என்று ஒருவரிடம் சொல்ல வேண்டுமானால், இது என்ன காய்ச்சல் என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஊரில் உள்ள டாக்டர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். வந்தவர்களில் பாதிப் பேர் டீயைக் குடித்துவிட்டு மழை வருகிறது என்று கிளம்பினார்கள். நர்சிங் ஹோம் வைத்திருக்கும் ஒருவர், "இப்பவே கூட்டம் தாங்கல, நீங்க வேற பீதியக் கிளப்பணுமா மேடம்?" என்றார். படுக்கையெல்லாம் நிறைந்த மனிதருக்குப் பீதியைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. கடைசியில் மிஞ்சியது நானும், வயதான குழந்தைகள் டாக்டர் ஒருவரும், இன்னும் இரண்டொருவரும்தான்.

நாங்கள் கேட்டதெல்லாம் சின்ன விஷயம். சந்தேகம் இருந்தாலே நோயாளியிடம் பேரைச் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாளும் முகாமுக்கு வரச் சொல்லிப் பார்க்க வேண்டும். புகை அடிப்பதை விட்டுவிட்டு, ஆட்களை வீட்டுக்குள் அனுப்பி டிரம்மையும் தறிக்குழியையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இதை எடுத்துக்கொண்டு ஒரு காலையில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, காய்ச்சல் முகாம்களுக்குப் பொறுப்பில் இருந்த அதிகாரியைப் பார்க்கப் போனோம்.

கெட்ட மனிதர் இல்லை. உட்கார வைத்தார், டீ வரவழைத்தார், முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்.

"நீங்க மருத்துவத்தப் பாக்குறீங்க. நான் ஊரையும் பாக்கணும். தை முகூர்த்தத்துக்கு வெளியூர்க்காரங்க இப்பதான் சேலை எடுக்க வர ஆரம்பிச்சிருக்காங்க. இங்க டெங்குன்னு டிவியில ஓடிச்சின்னா யாரு வருவாங்க? உங்க நோயாளிங்கதான் மேடம் பட்டினி கிடப்பாங்க."

அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பட்டினின்னா கஞ்சி ஊத்தலாம் சார். போய்ட்டா பால்தான் ஊத்தணும்."

குழந்தைகள் டாக்டர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அதிகாரி முகம் சுருங்கி, "மேல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டார். வெளியே வந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஏதோ செய்துவிட்டோம் என்கிற திருப்தியில் நாங்கள் வழியில் நின்று இட்லி சாப்பிட்டோம்.

அதே காலையில்தான் எதிர்ச்சாரி அம்மாள் காய்ச்சலோடு என் கிளினிக்குக்கு வந்திருக்கிறாள். பூட்டைப் பார்த்துவிட்டு முகாமுக்குப் போயிருக்கிறாள். நிலவேம்பு குடித்து, மாத்திரை வாங்கி, 'காய்ச்சல்' என்று எழுதின சீட்டோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் புருஷன் அவளை ஆட்டோவில் கொண்டுவந்தார். எதிர்வீட்டுக்கு ஆட்டோ எதற்கு என்று நான் எட்டிப் பார்த்தேன். அவளால் தெருவைத் தாண்ட முடியவில்லை. அவர் பதற்றமாக இல்லை, அதுதான் கொடுமை.

"காய்ச்சல் நேத்தே உட்டுடுச்சி டாக்டரம்மா. காலைல குளிச்சி, சாப்ட்டு, தறியில கூட உக்காந்தா. மத்தியானத்துலேர்ந்து வயித்த வலின்றா. குனிஞ்சே உக்காந்துக்கினு இருந்தாள்ல, வாயு புடிச்சிக்கிச்சி போல. சோடா வாங்கிக் குடுத்தேன், அதயும் வாந்தி எடுத்துட்டா."

கையைத் தொட்டேன். மழையில் நனைந்த பித்தளைச் சொம்பு மாதிரி சில்லென்று இருந்தது. நாடி நூலாக ஓடியது. விரல் நுனியில் ஜரிகைத் துகள் ஒட்டியிருந்தது. நரம்பு கிடைக்கவில்லை. தட்டித் தேய்த்து ஒன்றைப் பிடித்துச் சலைன் ஏற்றினேன், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நிலைமையைக் கேட்டுவிட்டு நேராகச் சென்னைக்கே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. நானும் ஏறிக்கொண்டேன்.

அவளுக்கு நினைவு நன்றாக இருந்தது. டெங்குவில் பலருக்குக் கடைசிவரை நினைவு தெளிவாக இருக்கும், பக்கத்தில் இருக்கிறவர்கள் அதை நம்பி ஏமாறுவார்கள். ஊரைத் தாண்டும்போது அவள் புருஷனைத் தேடிக் கண்ணைத் திருப்பினாள்.

"சேலைய மூடிட்டு வந்தியா?"

"மூடிட்டேன்."

"கதவு?"

"சாத்திட்டேம்மா. நீ பேசாம இரு."

"மெஷின்காரன் வந்துடுவான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, என் திட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி, லேசாகச் சிரித்தாள். நான் திட்டவில்லை. சுங்குவார்சத்திரம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அவள் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தேன், ஆம்புலன்ஸ் பையன் என் தோளைத் தொட்டு நிறுத்தினான்.

காரியம் முடிந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். தறியில் சேலை அப்படியே இருந்தது, போர்வையும் அப்படியே இருந்தது. அவர் எனக்கு ஒரு பாயை விரித்துப் போட்டார். பிறகு கேட்டார்.

"அதுக்குப் பேரு இன்னா டாக்டரம்மா?"

"டெங்கு."

"டிவியில சொல்றாங்களே, அதுவா? நம்ம ஊர்லயா?"

"ஆமா. இந்தத் தெருவுலயே நிறைய பேருக்கு."

"காய்ச்சல் உட்டா பயம்னு ஒருத்தரும் சொல்லலியேம்மா. உட்டுடுச்சின்னு சாமிக்கு விளக்கு ஏத்தினேன். அவ படுத்துக்கினுதான் இருந்தா. நான்தான், வா, ரெண்டு பேருமா உக்காந்தா சீக்கிரம் முடிச்சிடலாம்னு கூப்ட்டேன்."

உங்கள் தப்பு இல்லை என்றேன். சொல்லாமல் விட்டவர்களின் தப்பு என்றேன். என்னென்னவோ சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. மனிதனுக்கு வேண்டிய சொல் அதற்கான நேரத்தில் கிடைக்காவிட்டால், அப்புறம் எத்தனை சொன்னாலும் அது வெறும் ஆறுதல்தான். எனக்கு அன்றைக்கு என் தொழில் மேலேயே வெறுப்பாக இருந்தது.

குழந்தைகள் டாக்டரும் நானும் மறுபடியும் போனோம். மறுபடியும் டீ வந்தது. இந்தத் தடவை நான் கத்தவில்லை, அவள் எப்படிப் போனாள் என்று மட்டும் சொன்னேன். அதிகாரி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். கார்த்திகை முடிகிற சமயம் நோட்டீஸ் வந்தது. 'காய்ச்சல் விட்ட மறுநாளும் கவனம் தேவை' என்று நாங்கள் கேட்ட வாக்கியம் அப்படியே இருந்தது. டெங்கு என்ற சொல்லும் ஒரு ஓரத்தில் இருந்தது. அதிகாரி தானே போன் செய்து, "நீங்க கேட்டது வந்துடுச்சி மேடம்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். நன்றி சொன்னேன். அதற்குள் மழைக்காலம் முடிந்திருந்தது, காய்ச்சலும் குறைந்திருந்தது. வீட்டுக்குள் போய்ப் பார்க்க மட்டும் ஆள் போதாது என்றார்கள். புகை அடிக்க ஆள் இருந்தது.

அடுத்த ஐப்பசியில் மெஷின் மறுபடி வந்தது. சாயங்காலம், கிளினிக்கில் கூட்டம். உறுமல் கேட்டதுமே தெருவில் கதவுகள் வரிசையாகச் சாத்தப்பட்டன. நோட்டீஸ் ஒட்டிய கதவுகளும்தான். நான் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கம்போல் கத்தலாம் என்று வாசலுக்கு வந்தேன்.

எதிர்ச்சாரியில் அவர் வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. அவர் படியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் தறி தெரிந்தது, அதில் பாவு நூல் இல்லை, போர்வை இல்லை, வெறும் மரம். இப்போது வேறு ஒருவர் வீட்டுத் தறிக்குப் போய் நெய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு தெரு முழுக்க நான் தொண்டை கிழியக் கேட்டதைக் கடைசியில் அவர் ஒருவர்தான் செய்திருந்தார். புகை வெள்ளையாக வந்து அவரைத் தாண்டி வீட்டுக்குள் போயிற்று. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்து போய், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், இருமல் வரும் என்றேன்.

"பரவால்ல, வரட்டும் டாக்டரம்மா" என்றார். "கறை பட இங்க இன்னா இருக்குது?"